'சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்துவது': ரூசோவா பெர்லினா, நடுவில் ஃபூக்கோ

பாதசாரி:

ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' (1762), முதல் புத்தகம், ஏழாம் அத்தியாயம். பொது விருப்பத்துக்கு (பொது நன்மையை நோக்கிய குடிமக்கள் எல்லோருடைய விருப்பம்) பணிய மறுப்பவரை ஊர் முழுதும் சேர்ந்து பணியவைக்கும், அதாவது அவர் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவார் என்று வருகிறது. 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் 'சுதந்திரம் பற்றிய இரு கருத்தாக்கங்கள்' உரையை ஆற்றிய ஐசையா பெர்லின், இந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் முடியும் என்று காட்டுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் பெர்லின் சொல்வதே சரி என்று படுகிறது.

ஆனால் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவுக்கு வந்தால் தலை சுற்றுகிறது. 'நான்' என்பதே அதிகாரத்தின் விளைபொருள் என்றால், கட்டாயப்படுத்தப்படுவது யார், விடுதலை ஆவது யார்? ஆறு வாரம் நடக்கப்போகும் ஒரு வாசிப்பு வட்டத்துக்காகக் கேட்கிறேன். எந்த அத்தியாயங்களை எந்த வரிசையில் வைப்பது என்றும் சொன்னால் நல்லது.

கல்வெட்டு:

அந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்து வாசிப்பதில்தான் பாதிக் குழப்பம். அதற்கு முந்தின பத்தியைப் பாருங்கள். அங்கே ரூசோ பேசுவது கொள்கைக்காக எதிர்த்து நிற்கிறவனைப் பற்றி அல்ல. குடிமகனுக்குரிய உரிமைகளையெல்லாம் அனுபவித்துக்கொண்டு, குடிக்குரிய கடமையைச் செய்ய மாட்டேன் என்கிறவனைப் பற்றி. எல்லோரும் வரி கட்டிப் போட்ட சாலையில் நடப்பான், தான் மட்டும் கட்டமாட்டான். அவனுடைய தனி விருப்பம், குடிமகன் என்ற முறையில் அவனுக்கே உள்ள பொது விருப்பத்தோடு மோதுகிறது. மோதல் அவனுக்குள்ளேயே நடக்கிறது என்பதுதான் ரூசோவின் வாதம்.

அடுத்து, அந்த வரிக்குப் பின்னால் வரும் காரணத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஒவ்வொருவரையும் நாட்டுக்குக் கொடுப்பதன் மூலம் தனிமனிதர்களைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து அவரைக் காக்கும் நிபந்தனை அதுவே என்கிறார். ரூசோவுக்குச் சுதந்திரத்தின் எதிர்ச்சொல் சட்டம் அல்ல, இன்னொருவனின் தயவு. இரண்டாம் புத்தகம் 11ஆம் அத்தியாயத்தில், இன்னொருவனை விலைக்கு வாங்கும் அளவுக்கு எவனும் பணக்காரனாகவும், தன்னை விற்கும் அளவுக்கு எவனும் ஏழையாகவும் இருக்கக் கூடாது என்பதும் இதே கவலைதான்.

பலரும் தவறவிடும் இன்னொரு கட்டுப்பாடு இரண்டாம் புத்தகம் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பொது விருப்பம் எல்லோரிடமிருந்தும் வரவேண்டும், எல்லோருக்கும் பொருந்த வேண்டும். ஒரு தனி ஆளை, ஒரு தனி விஷயத்தைக் குறிவைத்த கணமே அது பொது விருப்பமாக இருப்பதை இழக்கிறது. ஆகவே 'இன்னாரைப் பிடித்து உள்ளே போடு' என்று பொது விருப்பம் சொல்ல முடியாது. அது சட்டம் மட்டுமே சொல்லும். ஆளின்மேல் அதைச் செலுத்துவது அரசாங்கம், ரூசோவின் அமைப்பில் அது வேறு உறுப்பு.

சொல் பற்றி ஒன்று. முதல் புத்தகம் 6ஆம் அத்தியாயத்தில் ரூசோ ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் வைக்கிறார். சட்டம் செய்வதில் பங்குள்ளவராக அவர் குடிமகன், அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராக அவர் குடி. தமிழில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவதால் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. 'குடிபடை' என்ற பழைய பொருளில் குடி, வாக்குச்சீட்டு உள்ள பொருளில் குடிமகன் என்று முதல் நாளே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கரை:

கல்வெட்டு சொன்னது சரி, ஆனால் ரூசோவைக் கொஞ்சம் அதிகமாகவே கழுவிக் காயப்போட்டுவிட்டார். நான்காம் புத்தகம் 2ஆம் அத்தியாயத்தை விட்டுவிட்டு இந்த விவாதத்தை முடிக்க முடியாது. ஒரு தீர்மானத்தில் நான் தோற்றால், பொது விருப்பம் எது என்று நான் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன் என்பதற்கே அது சான்று, நான் ஜெயித்திருந்தால் நான் உண்மையில் விரும்பாததைச் செய்திருப்பேன், அப்போது நான் சுதந்திரமாக இருந்திருக்க மாட்டேன் என்கிறார். வரி ஏய்ப்பவன் கதை இங்கே பொருந்தாது. இங்கே தோற்றவன் நேர்மையாக வேறு மாதிரி நினைத்தவன். அவனுக்கு 'உன் விருப்பம் எது என்று உன்னைவிட எண்ணிக்கைக்கு நன்றாகத் தெரியும்' என்று சொல்லப்படுகிறது.

பெரும்பான்மையிடம் பொது விருப்பத்தின் எல்லா அடையாளங்களும் இன்னும் இருந்தால்தான் இது செல்லும் என்று அதே அத்தியாயத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறார். அந்த அடையாளங்கள் இருக்கின்றனவா என்று யார் சோதிப்பது? பதில் இல்லை. அதே அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பும் உண்டு. ஜெனோவா நகரத்துச் சிறை வாசலிலும் துடுப்புக் கைதிகளின் விலங்கிலும் 'லிபெர்த்தாஸ்', அதாவது சுதந்திரம், என்று பொறித்திருக்கிறதாம். அழகான, சரியான பயன்பாடு என்று பாராட்டுகிறார். நான்காம் புத்தகம் 8ஆம் அத்தியாயத்தில் குடிமைச் சமயத்தின், அதாவது குடிமக்களுக்காக அரசு வகுக்கும் பொதுச் சமயத்தின், கோட்பாடுகளை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுவிட்டு நம்பாதவன்போல நடப்பவனுக்கு மரண தண்டனை.

பெர்லினின் வாதம் மொத்தமும் 'யார் சோதிப்பது' என்ற இடத்தில்தான் நிற்கிறது. உரையின் இரண்டாம் பகுதியைப் படிப்படியாகப் பிரித்தால் இப்படி வரும். முதலில், என்னை நானே ஆள வேண்டும் என்ற குற்றமற்ற ஆசை. பிறகு 'ஆளும் நான்', 'ஆளப்படும் நான்' என்று ஆள் இரண்டாகப் பிளக்கிறான்: பகுத்தறிவுள்ள மேல் நான், ஆசைகளில் புரளும் கீழ் நான். அதன் பிறகு அந்த மேல் நான் தனிமனிதனைவிடப் பெரியதாக வீங்குகிறது: இனம், திருச்சபை, அரசு, இறந்தவர்களும் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த சமூகம். கடைசியில் அதன் பெயரால் கீழ் நானை அடித்தாலும் அது அடி அல்ல, அவனே கேட்டுக்கொண்ட வைத்தியம்.

இதில் முதல் இரண்டு படிகள் ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டிடமும் உண்டு, ஏன், எந்தத் துறவியிடமும் உண்டு. விபத்து மூன்றாம் படியில். என் மேல் நானுக்காகப் பேசும் அதிகாரம் என் கையைவிட்டு இன்னொருவர் கைக்குப் போகிற இடம் அது. ரூசோ அந்தப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார் என்பது என் வாசிப்பு. இன்னொரு காலை 1793இல், பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியில், வேறு ஆட்கள் வைத்தார்கள். அந்தப் பயங்கரத்தை இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் 1807இல் எழுதும்போது, அங்கே சாவுக்கு முட்டைக்கோஸை வெட்டுவதற்கு மேல் பொருள் இல்லை என்றார்.

தெற்குவாசல்:

இரண்டு பேருமே ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸைத் தாண்டி வந்துவிட்டீர்கள். அவரில்லாமல் பெர்லினை வாசித்தால், 'குறுக்கீடு இல்லாமை' என்பதுதான் சுதந்திரத்தின் இயல்பான பொருள், மற்றதெல்லாம் தத்துவக்காரர்களின் வேலை என்று தோன்றும். உண்மையில் அந்தப் பொருளையும் ஒருவர் வேலை மெனக்கெட்டுச் செய்தார்.

'லெவியத்தான்' (1651) 21ஆம் அத்தியாயம்: இயக்கத்துக்கு வெளித்தடை இல்லாததே சுதந்திரம். கரைக்குள் அடைபட்ட தண்ணீருக்கும் இது பொருந்தும், மனிதனுக்கும் பொருந்தும். நோயால் படுக்கையில் கிடப்பவனுக்குச் சுதந்திரம் குறையவில்லை, சக்திதான் குறைவு. கப்பல் மூழ்கிவிடுமோ என்று பயந்து சரக்கைக் கடலில் எறிபவன் சுதந்திரமாகவே எறிகிறான், விரும்பினால் எறியாமல் இருக்கலாமே. இப்படி 'நான்' என்பதை ஓர் உடலாகவும் அதன் ஆசையாகவும் சுருக்கிவிட்டால், பயமும் சுதந்திரமும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். அரசனுக்குப் பயந்து கீழ்ப்படிவதும் சுதந்திரச் செயலே. 'நான்' யார் என்ற விளக்கம் அரசியலில் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது.

எதிர்க்கரை ஜெனோவாவைச் சொன்னார். ஹாப்ஸின் அதே 21ஆம் அத்தியாயத்தில் இத்தாலியக் குடியரசான லூக்கா நகரம் வருகிறது. அதன் கோபுரங்களில் பெரிய எழுத்தில் 'லிபெர்த்தாஸ்' என்று இருக்கிறது, ஆனால் அங்குள்ளவனுக்குச் சுல்தான் ஆளும் கான்ஸ்டான்டிநோபிளில் உள்ளவனைவிட அதிகச் சுதந்திரம் உண்டென்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது என்கிறார். குடியரசுவாதி ஹாரிங்டன் 1656இல் கொடுத்த பதிலடி: கான்ஸ்டான்டிநோபிளின் பெரிய பாஷாவுக்கு (உயர் அதிகாரி) கூடத் தன் தலை தன்னுடையதல்ல, சுல்தான் விரும்பும்வரை குடியிருக்கும் வாடகை வீடு. லூக்காவின் சாமானியனின் தலைமேல் சட்டத்துக்கு மட்டுமே உரிமை உண்டு.

குவென்டின் ஸ்கின்னரும் ஃபிலிப் பெட்டிட்டும் 1990களில் மீட்டெடுத்தது இந்த இழையைத்தான். அடிமையின் எஜமான் நல்லவன், ஒருநாளும் கை வைக்கவில்லை. ஹாப்ஸ் கணக்கில் அவன்மேல் குறுக்கீடு இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்ற நிலை இருக்கிறதே, அதற்குப் பெயர் ஆதிக்கம். அந்த நிலை ஆளின் குணத்தையே மாற்றுகிறது: குழைந்து பேசுவான், முகம் பார்த்து நடப்பான், வாயைத் தானே பூட்டிக்கொள்வான். ரூசோவின் 'இன்னொருவனின் தயவு' பற்றிய பயமும் இதுதான், கல்வெட்டு சரியாகப் பிடித்தார்.

வட்டத்தில் விளக்க ஒரு கதவு உதாரணம் போதும். ஹாப்ஸ் பிஷப் பிராம்ஹாலோடு நடத்திய விவாதத்தில் டென்னிஸ் மைதானக் கதவு வருகிறது. ஆட நினைக்காதவனுக்கு அந்தக் கதவு பூட்டியிருப்பது தடையே அல்ல. ஆக, நான் போக விரும்பும் கதவு திறந்திருந்தால் போதும். பெர்லின் 1969இல் தன் கட்டுரைகளுக்கு எழுதிய முன்னுரையில் இதை மறுத்தார். அப்படியானால் ஆசையைக் குறைத்துக்கொண்டே சிறையில் ஒருவன் சுதந்திரனாகிவிடலாமே! எனவே நான் விரும்பாத கதவுகளும் திறந்திருக்க வேண்டும். பெட்டிட் இன்னும் ஒரு படி போகிறார். ஆசையைச் சுருக்கிச் சுதந்திரம் பெற முடியாது என்றால், வாயில்காப்போனைக் காக்காய் பிடித்து மட்டும் எப்படிப் பெற முடியும்? கதவுகள் திறந்திருந்தால் போதாது, நினைத்தபோது இழுத்துச் சாத்தக்கூடிய ஒருவன் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

பெர்லினின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. எதிர்மறைச் சுதந்திரத்துக்கும் (குறுக்கீடு இல்லாமைக்கு அவர் வைக்கும் பெயர்) மக்களாட்சிக்கும் தர்க்கப்படி அவசியமான தொடர்பு இல்லை, தாராள மனமுள்ள சர்வாதிகாரியின்கீழும் அது இருக்கலாம் என்று அவரே அந்த உரையில் ஒப்புக்கொள்கிறார்.

பாதசாரி:

நன்றி. தெற்குவாசல் தோழருக்கு ஒரு சந்தேகம். முகம் பார்த்து நடப்பவன், வாயைத் தானே பூட்டிக்கொள்பவன் என்றீர்களே, ஃபூக்கோ சொல்வதும் அதுதானே? அப்படியானால் பெட்டிட்டும் ஃபூக்கோவும் ஒரே கட்சியா?

மணற்கேணி:

இல்லை. பெட்டிட்டின் அடிமைக்கு எஜமான் உண்டு, பெயர் சொல்லிக் காட்டலாம். ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் (1975) எடுத்துக்கொள்ளும், ஆங்கிலச் சிந்தனையாளர் பெந்தாம் திட்டமிட்ட வட்டச் சிறையில் கோபுரத்தில் ஆளே இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கைதிக்குக் கோபுரம் எப்போதும் தெரியும், உள்ளே ஆள் இருப்பது தெரியாது. ஆகவே தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்குகிறான். காவலாளியின் வேலையையும் கைதியின் வேலையையும் ஒருவனே செய்கிறான். பெட்டிட்டின் அடிமை பயத்தில் நடிக்கிறான், உள்ளே வேறு ஆளாக இருக்க முடியும். வட்டச் சிறையில் பழக்கப்பட்டவனுக்கு அந்த நடிப்பே சுபாவமாகிவிடுகிறது. எஜமானை நீக்கினால் பெட்டிட்டின் சிக்கல் தீரும், ஃபூக்கோவின் சிக்கல் தீராது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஃபூக்கோவை வாசிப்பதில் வழக்கமாக நடக்கும் தவறு, 'அதிகாரம் நானை உண்டாக்குகிறது' என்பதை 'நான் பொய்' என்று எடுத்துக்கொள்வது. உண்டாக்கப்பட்டது பொய் ஆகாது. பானையைக் குயவன் செய்தான் என்பதால் அதில் தண்ணீர் நிற்காதா? 1982இல் வெளிவந்த 'தன்னிலையும் அதிகாரமும்' கட்டுரையில் அவர் 'தன்னிலை' என்ற சொல்லின் இரண்டு பொருளையும் காட்டுகிறார். இன்னொருவருக்குக் கட்டுப்பட்டிருத்தல் ஒன்று, மனசாட்சியாலும் தன்னறிவாலும் தன் அடையாளத்தோடு தானே கட்டப்பட்டிருத்தல் மற்றொன்று. பிரெஞ்சில் 'சுஜே' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் உதவுகிறது. கல்வெட்டு சொன்ன ரூசோவின் 'குடி'யும் இதே சொல்தான்! தமிழில் 'தன்னிலை' என்று எழுதும்போது கட்டுப்படும் பொருள் உதிர்ந்துவிடுகிறது, 'குடி' என்றால் 'தான்' உதிர்ந்துவிடுகிறது. ஒற்றைச் சொல்லால் சமாளிக்கப் பார்க்காமல் இரண்டையும் எழுதுவதுதான் வழி.

அதே கட்டுரையில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு வாக்கியம் உண்டு. அதிகாரம் சுதந்திரமானவர்கள்மேல் மட்டுமே, அவர்கள் சுதந்திரமாக இருக்கும் அளவுக்கு மட்டுமே செலுத்தப்படுகிறது. விலங்கு பூட்டிய அடிமையிடம் இருப்பது வெறும் உடல்பலம். அவன் நகரவும் தப்பவும் வாய்ப்பிருக்கும்போதுதான் அது அதிகார உறவு. அதாவது ஒருவரின் செயல்மேல் இன்னொரு செயல். 'எங்கும் அதிகாரம், ஆகவே எங்கும் சுதந்திரம் இல்லை' என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

1984 ஜனவரியில் கொடுத்த நேர்காணலில் இன்னொரு பிரிவினை செய்தார். அதிகார உறவுகள் தலைகீழாகக்கூடியவை. அவை உறைந்து ஒரு பக்கமே சாய்ந்து நின்றால் அது ஆதிக்க நிலை. குடியேற்ற ஆட்சியில் இருக்கும் மக்கள் அதைத் தூக்கியெறிவது சரியான பொருளில் விடுதலை. ஆனால் அதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்பதை அந்த விடுதலை சொல்லித்தராது, அதற்குச் சுதந்திரத்தின் பயிற்சிகள் வேண்டும். தமிழில் இந்தப் பிரிவினை நமக்கு இனாமாகவே கிடைக்கிறது. விடுதலை என்பதில் 'விடு' இருக்கிறது, ஏதோ ஒன்றிலிருந்து. சுதந்திரம் வடசொல், 'ஸ்வ'வும் 'தந்த்ர'மும் சேர்ந்தது, தன்னால் நடத்தப்படுவது. நாம் இரண்டையும் ஒரே பொருளில் புழங்கிப் புழங்கி மழுக்கிவிட்டோம்.

ஃபூக்கோவின் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். 1981இல் நான்சி ஃப்ரேசர் கேட்ட கேள்வி: எல்லாமே அதிகாரம் என்றால், ஒன்றை எதிர்க்க வேண்டும், இன்னொன்றை வேண்டாம் என்று எந்த அளவுகோலால் சொல்வது? 'ஆதிக்க நிலை கூடாது' என்ற பதில் எட்டவில்லை. ஏன் கூடாது என்பதற்கு ஹாரிங்டனிடமோ காண்ட்டிடமோ கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

குறிஞ்சித்தேன்:

காண்ட் பெயர் வந்ததால் ஒன்று. 1797இல் எழுதிய சட்டக் கோட்பாட்டில் மனிதருக்குப் பிறவியிலேயே உள்ள ஒரே உரிமை சுதந்திரம், அதாவது இன்னொருவரின் விருப்பத்தால் கட்டாயப்படுத்தப்படாமை என்கிறார். அதே நூலில் வீட்டு வேலைக்காரர், தொழில் பழகுபவர், பெண்கள் அனைவரும் 'செயலற்ற குடிமக்கள்', வாக்கு கிடையாது. காரணம், அவர்கள் பிழைப்புக்கு இன்னொருவரைச் சார்ந்திருக்கிறார்களாம். சார்பின்மையை உரிமை என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, தகுதி என்று மறு கையால் பிடுங்கிக்கொள்கிறார். ரூசோ பொருளாதாரச் சார்பை ஒழிக்கச் சொன்னார், காண்ட் சார்ந்திருப்பவரை ஒழித்துவிட்டார்.

எங்கட இலங்கைத் தமிழில் குடிமகனுக்குப் 'பிரஜை' என்றுதான் வழக்கம், அதுவும் முன்பு அரசனின் குடியைக் குறித்த சொல். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். ஹன்னா அரெண்ட் 1951இல் எழுதிய 'உரிமைகளைப் பெறும் உரிமை' என்பதை விளங்கப்படுத்த அதைவிடக் கிட்டடியில் உதாரணம் தேவையில்லை. ஆதிக்கத்துக்கு எதிராக முறையிடக்கூட, முதலில் சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஓர் ஆளாகத் தெரிய வேண்டும். ஆறு வாரத்தில் அரெண்டுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கோ.

தெற்குவாசல்:

வரிசை கேட்டிருந்தீர்கள். முதல் வாரம் ஹாப்ஸ், 21ஆம் அத்தியாயம் மட்டும். நேரமிருந்தால் 16ஆவது, 'ஆள்' என்பதை நாடக முகமூடியிலிருந்து விளக்குவது. இரண்டாம் வாரம் ரூசோ: முதல் புத்தகம் 6 முதல் 8 வரை, இரண்டாவதில் 3, 4, நான்காவதில் 2. எல்லாமே குட்டி அத்தியாயங்கள், ஒரே உட்காரலில் முடியும். மூன்றாவது காண்ட்டின் 1784 அறிவொளிக் கட்டுரை, குறிஞ்சித்தேன் சொன்ன 1797 பகுதியோடு. நான்காவது பெர்லின், முதல் இரண்டு பகுதிகளும் ஏழாவதும் போதும். ஐந்தாவது அரெண்ட். ஆறாவது ஃபூக்கோவின் 1982 கட்டுரை, வட்டச் சிறை அத்தியாயம் துணைக்கு.

ஹெகலின் எஜமான்–அடிமைப் பகுதியைச் சேர்க்கச் சொல்லி யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம். சில பக்கம்தான், ஆனால் முன்னே உள்ள மூன்று அத்தியாயங்கள் தெரியாமல் அதை வாசித்தால் எல்லோரும் ஹெகலுக்கு விளக்கம் சொன்ன கோஜேவ் 1930களில் பாரிஸில் சொன்ன கதையைத்தான் திருப்பிச் சொல்வார்கள், ஹெகலை அல்ல.

ஒவ்வொரு வாரமும் ஒரே பயிற்சி. ஜெரால்ட் மக்கல்லம் 1967இல் கொடுத்த வாய்பாட்டைப் பலகையில் எழுதுங்கள்: 'இன்னார், இன்ன தடையிலிருந்து, இன்னதைச் செய்யச் சுதந்திரமானவர்.' மூன்று கோடிட்ட இடங்களையும் அந்த வார ஆசிரியரை வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் தடையைத்தான் முதலில் நிரப்புவார்கள். அதை விடாமல் 'இன்னார்' என்ற இடத்தை முதலில் நிரப்ப வையுங்கள். ஹாப்ஸில் அங்கே உடல் வரும், ரூசோவில் குடிமகன், காண்ட்டில் பகுத்தறிவுள்ள விருப்பம். ஃபூக்கோ வாரத்தில் அந்த இடத்தை நிரப்ப முடியாமல் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் வரும்வரை காத்திருந்து அப்புறம் கட்டுரையைப் பிரியுங்கள்.

எதிர்க்கரை:

ரூசோ வாரத்தில் நான்காம் புத்தகத்து அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். சில சுருக்கப் பதிப்புகளில் அடிக்குறிப்புகள் இருக்காது, முன்கூட்டியே பார்த்து வாங்குங்கள். முதல் வாரத்து லூக்கா கோபுரத்தையும் அந்த ஜெனோவா விலங்கையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்து, இரண்டு இடத்திலும் 'இன்னார்' யார் என்று கேட்டால் அன்றைக்கு நீங்கள் வேறு பேச்சே பேச வேண்டியிருக்காது.

பாதசாரி:

அப்படியே செய்கிறேன். பெர்லின் பக்கம் நியாயம் என்று தொடங்கினேன், இப்போது மூன்றாம் படிவரை மட்டும் அவரோடு வருகிறேன். வாயில்காப்போன் விஷயத்தில் ஹாரிங்டன் பக்கம்.